டி.எஸ்.எல். லைன் சோதனையும் பழுது பார்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெலிபோனின் செம்புக் கம்பி ஜோடி வழியாக வரும் டி.எஸ்.எல். இணையத்தின் இரு வகைகளான ஏ.டி.எஸ்.எல்., வேகம் கூடிய வி.டி.எஸ்.எல். இணைப்புகளைப் பராமரிப்பவர்களும் வீட்டில் பயன்படுத்துபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். மோடத்தை மாற்றி, போர்ட்டை (எக்ஸ்சேஞ்ச் கருவியில் லைன் சேரும் இடம்) மாற்றி, ப்ரொஃபைலை (லைனுக்கு வைத்த வேக, பாதுகாப்பு அமைப்புகள்) மாற்றி, கடைசியில் எதனால் சரியானது என்றே தெரியாமல் போகும். இரண்டு வாரத்தில் அதே புகார் திரும்பி வரும். பழுது பெரும்பாலும் கம்பியிலும் ஜாயின்ட்டிலும்தான் இருக்கிறது, பெட்டிக்குள் இருப்பது குறைவு.

இணைப்பு போய்விட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

மோடத்தின் டி.எஸ்.எல். விளக்கைப் பாருங்கள். அது நிலையாக எரிந்தால் மோடமும் எக்ஸ்சேஞ்சில் பல லைன்களை இணைக்கும் கருவியான டிஸ்லாமும் பேசிக்கொள்கின்றன. அப்படியானால் கம்பியை விட்டுவிட்டு பயனர் பெயர், கடவுச்சொல், அமைப்புகள் பக்கம் போகலாம். சிமிட்டிக்கொண்டே இருந்தால் சிங்க், அதாவது அந்த இரண்டுக்கும் இடையிலான தொடர்பு, கிடைக்கவில்லை. கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் பயனில்லை. இந்த ஒரு பிரிவினையைச் செய்துவிட்டாலே பாதித் தேடல் முடிந்தது.

சிமிட்டும் விதத்தையும் கவனியுங்கள். மெதுவாகச் சிமிட்டுவதிலேயே நின்றால் எதிர்முனையிலிருந்து பதிலே வரவில்லை என்று பல மோடங்களில் பொருள். வேகமாகச் சிமிட்டி, எரியப் போவது போல் வந்து, மறுபடி பின்வாங்கினால் எதிர்முனை கேட்கிறது, ஆனால் லைன் அந்த இணைப்பைத் தாங்கவில்லை. முதல் வகையில் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது ஜம்பர் (எக்ஸ்சேஞ்சில் லைனைப் போர்ட்டோடு இணைக்கும் வயர்) தவறான போர்ட்டில் இருக்கலாம். இரண்டாவது வகையில் இரைச்சல், மோசமான ஜாயின்ட், ஃபில்டர் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

டயல் டோன் தெளிவாக இருக்கிறது. அப்படியென்றால் லைன் நல்ல லைன்தானே?

இல்லை. பேச்சுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதி மட்டுமே. ஏ.டி.எஸ்.எல். 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையும், ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையும், வி.டி.எஸ்.எல்.2-இன் 17ஏ ப்ரொஃபைல் சுமார் 17.6 மெகாஹெர்ட்ஸ் வரையும் போகின்றன. பழைய நீள லைன்களில் பேச்சுத் தரத்துக்காகப் போட்ட லோடிங் காயில் ஒன்று நடுவில் இருந்தால் குரல் அருமையாகக் கேட்கும், டி.எஸ்.எல். துளியும் வராது.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். ஜோடியின் இரண்டு கம்பிகளில் (கால்கள் என்பார்கள்) ஒன்று அறுந்தால் டயல் டோன் போய்விடும். ஆனால் உயர் அதிர்வெண் சிக்னல், அறுந்த இடத்தைக் கெப்பாசிட்டன்ஸ் வழியாகத் தாண்டி வந்து, குறைந்த வேகத்தில் சிங்க் ஆகிவிடும். இன்டர்நெட் வருகிறது, போன் வேலை செய்யவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை நம்புங்கள். ஒரு கால் அறுந்த லைனுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

பழுது வீட்டுக்குள்ளா, வெளியிலா? எப்படிப் பிரிப்பது?

லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் இணைப்புப் பெட்டிக்குப் போங்கள். உள் வயரிங் முழுவதையும் அங்கே கழற்றிவிடுங்கள். ஒரு மோடத்தை மட்டும் குட்டிக் கம்பியில் அந்த இடத்திலேயே செருகுங்கள். இணைப்பு நிலையாக நின்றால் குற்றம் உள்ளே. அப்போதும் அறுந்தால் வெளியே.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். மணிக்கு ஒரு முறை அறுகிற லைனைச் சில மணி நேரமாவது அப்படியே விட்டால்தான் பதில் வரும்.

போன் மணி அடித்தால், அல்லது ரிசீவரை எடுத்தால் நெட் அறுகிறது. ஏன்?

முதல் சந்தேகம் மைக்ரோ ஃபில்டர், அதாவது டி.எஸ்.எல். சிக்னலையும் போனையும் பிரித்து வைக்கும் சிறு பெட்டி. லைனில் உள்ள ஒவ்வொரு போனுக்கும், ஃபேக்ஸுக்கும், போன் லைனில் செருகிய அலாரம் பெட்டிக்கும் ஃபில்டர் வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் பொதுவாக நுழைவிடத்திலேயே ஒரு ஸ்பிளிட்டர் இருக்க வேண்டும். மறந்துபோன அறையில் ஃபில்டர் இல்லாமல் கிடக்கும் பழைய போன் ஒன்றே போதும், லைனைக் கெடுக்க. எல்லாப் போன்களையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அறுபடுவது நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள்.

எல்லாம் கழற்றிய பிறகும், முதல் பெட்டியில் ஒரு நல்ல போனை மட்டும் ஃபில்டரோடு வைத்தபோதும் மணி அடிக்கையில் அறுந்தால், மின்தடை ஏறிய ஜாயின்ட் ஒன்று வழியில் எங்கோ இருக்கிறது. மணியின் மின்னழுத்தம் சுமார் 75 முதல் 90 வோல்ட் ஏ.சி. துருப்பிடித்த முனையில் அது பாயும்போது தொடர்பின் தன்மை மாறும், சிங்க் போகும். சில சமயம் அந்த மின்னோட்டமே துரு அடுக்கை உடைத்து லைனைத் தற்காலிகமாகச் சரி செய்துவிடும். போன் செய்தால் நெட் சரியாகிவிடுகிறது என்று சொல்பவர் கற்பனை செய்யவில்லை. இதே காரணத்தால்தான் குரல் சேவையே இல்லாத வெறும் டேட்டா லைன்களில் ஜாயின்ட்டுகள் சீக்கிரம் கெடுகின்றன. துரு அடுக்கு சேராமல் வைக்கும் நேர் மின்னோட்டம் எதுவும் அவற்றில் ஓடுவதில்லை.

மோடத்தின் பக்கத்தில் பல எண்கள் தெரிகின்றன. எவற்றைப் பார்க்க வேண்டும்?

நான்கைப் பாருங்கள்: சிங்க் வேகம், எஸ்.என்.ஆர். மார்ஜின், அட்டென்யூவேஷன், பிழை எண்ணிகள்.

மார்ஜின் என்பது, இப்போதைய வேகத்தைத் தாங்கத் தேவையானதற்கு மேல் கையிருப்பில் உள்ள டெசிபல். டிஸ்லாம்கள் பொதுவாக 6 டெசிபலைக் குறியாக வைத்து இணைகின்றன. சிங்க் ஆன நேரத்தில் 6 இருந்து, சாயங்காலம் 2 ஆகிவிட்டது என்றால் இடையில் இரைச்சல் ஏறியிருக்கிறது. 0-வுக்குப் பக்கத்தில் போனால் எந்த நேரமும் அறுபடலாம். மார்ஜின் அதிகமாக இருப்பதைப் பார்த்து லைன் பிரமாதம் என்றும் நினைக்க வேண்டாம். வேகத்துக்கு உச்சவரம்பு போட்டிருந்தால் மிச்சம் எல்லாம் மார்ஜினாகத்தான் தெரியும். வேகம், மார்ஜின் இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம் வரும்.

அட்டென்யூவேஷன், சிக்னல் வழியில் எவ்வளவு தேய்ந்தது என்பதைக் காட்டுகிறது. முக்கியமாக நீளத்தைச் சார்ந்தது என்பதால் நாளுக்கு நாள் பெரிதாக மாறக் கூடாது. வெயிலில் செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும், அதனால் சிறு அசைவு சகஜம். ஆனால் நேற்று 32 டெசிபல், இன்று 45 என்றால் ஜாயின்ட்டோ கம்பியோ கெட்டிருக்கிறது, அல்லது லைன் வேறு ஜோடிக்கு மாற்றப்பட்டிருக்கிறது. ஏ.டி.எஸ்.எல்.லிலிருந்து ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ்ஸுக்கு மாறினால் அதே கம்பியில் எண் கொஞ்சம் கூடித் தெரியலாம். சராசரி எடுக்கும் அலைவரிசை விரிந்திருப்பதே அதற்குக் காரணம், அது பழுதல்ல.

டோன் வாரியாகப் படம் காட்டும் மோடம் கையில் இருந்தால் அதை விடாதீர்கள். டி.எஸ்.எல். தன் அலைவரிசையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள டோன்களாகப் பிரிக்கிறது, ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ்ஸில் 512. ஒவ்வொரு டோனும் தன் நிலைமைக்கேற்ப அதிகபட்சம் 15 பிட் சுமக்கும். ஒரு பிட் கூட வேண்டுமென்றால் சுமார் 3 டெசிபல் அதிகம் தேவை. நல்ல லைனின் படம் மேல் அதிர்வெண் நோக்கி மெல்லச் சரியும். நடுவில் ஊசி போல ஒரு குழி விழுந்தால் அந்த இடத்தில் ஒரு மீடியம் வேவ் வானொலி நிலையம் லைனுக்குள் நுழைகிறது. அகலமான வளைவாகக் குழி விழுந்து, அதே இடைவெளியில் மறுபடி வந்தால் பிரிட்ஜ் டேப், அதாவது லைனிலிருந்து பிரிந்து தொங்கும் கிளைக் கம்பி. கீழ் டோன்கள் மட்டும் நசுங்கியிருந்தால் ஒரு கால் அறுந்ததையோ, மின்தடை ஏறிய ஜாயின்ட்டையோ பாருங்கள்.

சி.ஆர்.சி., எஃப்.இ.சி., இ.எஸ். – எது ஆபத்தானது?

இவை மோடம் காட்டும் பிழை எண்ணிகள். எஃப்.இ.சி. எண் ஓடினால் கவலை வேண்டாம், அவை திருத்தப்பட்ட பிழைகள். சி.ஆர்.சி. திருத்த முடியாமல் போனவை. ஒரு சி.ஆர்.சி. பிழையாவது விழுந்த நொடி இ.எஸ். (பிழை நொடி); ஒரே நொடியில் 18 அல்லது அதற்கு மேல் விழுந்தால், அல்லது சிக்னலே இழந்தால், அது எஸ்.இ.எஸ். (கடும் பிழை நொடி).

மொத்த எண்ணை மட்டும் பார்த்து பயப்படாதீர்கள். 40 நாள் ஓடிய மோடத்தில் சில ஆயிரம் சி.ஆர்.சி. இருப்பது பெரிதல்ல, பத்து நிமிடத்தில் அவ்வளவு என்றால் பெரிது. எண்ணியைப் பூஜ்யமாக்கி, கால் மணி நேரம் விட்டுப் பார்ப்பதே சரியான வழி. பெரும்பாலான டிஸ்லாம்கள் 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு எடுத்து வைக்கின்றன. சந்தாதாரர் பிரச்சினை சொல்லும் நேரத்தையும் அந்தப் பதிவையும் ஒப்பிட்டால் ஊகமே வேண்டியதில்லை.

அப்புறம் எல்.பி.ஆர். என்ற எண்ணி. மின்சாரம் போகும் கணத்தில் மோடம் கடைசியாக அனுப்பும் தகவல் அது. அறுபட்ட நேரங்களில் எல்லாம் எல்.பி.ஆர். பதிவாகியிருந்தால் கேபிளைத் தோண்டப் போகாதீர்கள். அடாப்டரையும் பிளக்கையும் பாருங்கள்.

மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்ய முடியும்?

நிறைய. முதலில் வோல்ட் அளவிடுங்கள். குரல் சேவையுள்ள லைனில் ரிசீவர் வைத்த நிலையில் சுமார் 48 வோல்ட் டி.சி. இருக்கும்; எடுத்தால் பெரும்பாலும் 6 முதல் 12 வோல்ட்டுக்கு இறங்கும். இணைக்காத ஜோடியில் ஏ.சி. வோல்ட் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள், மின்கம்பியோடு எங்கோ தொடர்பு இருக்கலாம். இடி மின்னல் நேரத்தில் லைனைத் தொடவே கூடாது.

அடுத்தது லூப் மின்தடை. இரு முனைகளிலும் கருவிகளைக் கழற்றி, தூரமுனையில் இரண்டு கம்பியையும் ஷார்ட் செய்து அளவிடுங்கள். 0.4 மில்லிமீட்டர் செம்பு ஜோடிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 280 ஓம், 0.5 மில்லிமீட்டருக்குச் சுமார் 175 ஓம். கேபிள் வரைபடத்தில் உள்ள நீளத்துக்கு வர வேண்டியதைவிடக் கணிசமாகக் கூட இருந்தாலோ, அளவிடும்போதே எண் ஆடிக்கொண்டிருந்தாலோ ஜாயின்ட்டைத் தேடுங்கள். ஜோடியின் ஒவ்வொரு கம்பியையும் பூமியோடு சேர்த்துத் தனித்தனியே அளந்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. டி.எஸ்.எல். ஓட இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். அந்தச் சமநிலை கெட்டால் வெளி இரைச்சல் ரத்தாகாமல் உள்ளே வரும்.

கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மீட்டர் என்றால் அறுந்த இடத்தின் தூரமும் ஓரளவு தெரியும். வழக்கமான டெலிபோன் கேபிளில் கிலோமீட்டருக்குச் சுமார் 50 நானோஃபாரட். 25 காட்டினால் அரைக் கிலோமீட்டரில் அறுந்திருக்கிறது.

இன்சுலேஷன் சோதனைக்கு மல்டிமீட்டர் போதாது, உயர் வோல்ட் செலுத்தி அளக்கும் மெக்கர் வேண்டும். மெக்கரைச் சுழற்றும் முன் டிஸ்லாம் போர்ட்டையும் மோடத்தையும் கழற்றியாக வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுச் செய்தால் போர்ட் எரிந்துபோகும்.

பிரிட்ஜ் டேப் அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆம், குறிப்பாக வி.டி.எஸ்.எல்.லில். முனை திறந்தபடி லைனிலிருந்து கிளை பிரிந்து தொங்கும் கம்பி அது. சிக்னல் அதற்குள் போய், முனையில் மோதித் திரும்பி வந்து, நேர்ச் சிக்னலோடு எதிர்ப்படும். எந்த அதிர்வெண்ணில் கிளையின் நீளம் கால் அலைநீளமாக இருக்கிறதோ அங்கே இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். கம்பியில் சிக்னல் நொடிக்குச் சுமார் 20 கோடி மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டர் கிளைக்கு 1 மெகாஹெர்ட்ஸில் குழி. 5 மீட்டருக்கு 10 மெகாஹெர்ட்ஸில்.

இதனால்தான் ஏ.டி.எஸ்.எல்.லில் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடிய வீட்டில் வி.டி.எஸ்.எல்.2 போட்டவுடன் தகராறு தொடங்குகிறது. சுவருக்குள் போகும் 5 மீட்டர் நீட்டிப்பு வயரை ஏ.டி.எஸ்.எல். கண்டுகொள்ளவே இல்லை, அதன் அலைவரிசை அந்த உயரத்துக்குப் போகவில்லை. வி.டி.எஸ்.எல். போகிறது, நேராக அந்தக் குழியில் விழுகிறது. பயன்படுத்தாத நீட்டிப்புகளை முதல் பெட்டியிலேயே வெட்டிவிடுவது, கூடுதல் செலவில்லாமல் வேகத்தைக் கூட்டும் வேலை. புதிய இணைப்பு தரும்போதே இதைச் செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவேன்.

டி.டி.ஆர். கருவியின் திரையை எப்படிப் படிப்பது?

பழுது எவ்வளவு தூரத்தில் என்று காட்டும் இந்தக் கருவி ஒரு துடிப்பை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கிறது. மேல் நோக்கிய மேடு என்றால் திறந்த முனை அல்லது மின்தடை ஏறிய ஜாயின்ட். கீழ் நோக்கிய பள்ளம் என்றால் ஷார்ட். பள்ளமும் அதைத் தொடர்ந்து மேடும் வந்தால் பிரிட்ஜ் டேப்: பள்ளம் கிளை பிரியும் இடம், மேடு கிளையின் முனை. நனைந்த பகுதி கூர்மையாக இல்லாமல் கலங்கலாக, நீண்ட தாழ்வாகத் தெரியும்.

தூரம் சரியாக வர, கேபிளின் வேகக் காரணியை, அதாவது ஒளி வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் சிக்னல் அதில் போகிறது என்ற எண்ணை, சரியாக வைக்க வேண்டும். எண் தெரியாவிட்டால் நீளம் தெரிந்த அதே வகைக் கேபிளை அளந்து, திரை அந்த நீளத்தைக் காட்டும் வரை காரணியை மாற்றுங்கள். இரண்டு முனைகளிலிருந்தும் அளந்து, கூட்டிப் பார்த்து, மொத்த நீளத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே தோண்டச் சொல்லுங்கள்.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் அறுகிறது.

நேரமே துப்பு. இருட்டிய பிறகு மோசமாகி விடிந்ததும் சரியானால் வானொலியைச் சந்தேகியுங்கள். மீடியம் வேவ் அலைகள் இரவில் வான்வழி நெடுந்தூரம் வருகின்றன, அவை ஏ.டி.எஸ்.எல். அலைவரிசைக்குள்ளேயே விழுகின்றன. நல்ல ஜோடி அதைத் தாங்கும். சமநிலை கெட்ட ஜோடிதான் திணறும், ஆகவே மருந்து ஜாயின்ட்டில் இருக்கிறது.

ஒரே மணிக்கு, ஒரே நிமிடத்தில் என்றால் மின் சாதனம். மலிவான அடாப்டர், எல்.இ.டி. விளக்கின் டிரைவர், மோட்டார் எதுவாகவும் இருக்கலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த இரைச்சல் நொடிக்கு 100 முறை துடிக்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120. பேட்டரியில் ஓடும் மீடியம் வேவ் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் திருப்பி வைத்துக்கொண்டு நடங்கள். இரைச்சல் பெரிதாகும் பக்கம் போனால் சாதனம் அகப்பட்டுவிடும். அது அடுத்த வீட்டிலும் இருக்கலாம்.

மழைக்குப் பிறகு மோசமாகி, காய்ந்ததும் சரியாகும் லைனில் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர். காயும் முன்னே அளவிடப் போங்கள். காய்ந்த பின் போனால் எல்லாமே நன்றாகத் தெரியும், புகார் மூடப்படும், அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

சிங்க் நிலையாக இருக்கிறது, ஆனால் இணையம் இல்லை.

பெரும்பாலான சேவைகள் பி.பி.பி.ஓ.இ. என்ற உள்நுழைவு முறை வழியாகப் போகின்றன. மோடம் அனுப்பும் முதல் அழைப்புக்கு எந்தப் பதிலும் வராவிட்டால் கடவுச்சொல் வரைக்கும் பேச்சு போகவே இல்லை. ஏ.டி.எஸ்.எல்.லில் தரவின் தடத்தைக் குறிக்கும் வி.பி.ஐ., வி.சி.ஐ. எண்களைப் பாருங்கள், 0/35, 8/35 என்று சேவையாளருக்குச் சேவையாளர் மாறும். வி.டி.எஸ்.எல்.லில் அதே வேலையைச் செய்யும் வி.லேன் எண்ணைப் பாருங்கள். இவை சரியாக இருந்தும் பதில் இல்லை என்றால் டிஸ்லாமிலிருந்து சேவையாளருக்குப் போகும் மேல் இணைப்பைப் பாருங்கள். பதில் வந்து, பிறகு நிராகரிக்கப்பட்டால்தான் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். மின்சாரம் போய் வந்த பிறகு பழைய இணைப்பு மறுமுனையில் முடியாமல் தொங்குவதாலும் நிராகரிப்பு வரும். சில நிமிடம் மோடத்தை அணைத்து வைத்தால் தீரும்.

சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன என்றால் எம்.டி.யு.வை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, பாருங்கள். பி.பி.பி.ஓ.இ.யில் அது 1492; ஈதர்நெட்டின் 1500 அல்ல.

சிங்க் 10 மெகாபிட், டவுன்லோடு 8.5தான். ஏமாற்றா?

இல்லை. ஏ.டி.எஸ்.எல். தரவை 53 பைட் செல்களாக அனுப்புகிறது. அதில் 48தான் சரக்கு. மேலே பி.பி.பி., ஐ.பி. தலைப்புகள் வேறு. 13 முதல் 15 சதவீதம் போவது இயல்பு. வைஃபை வழியாகச் சோதித்துவிட்டு லைனைக் குறை சொல்வதுதான் தவறு, கேபிளில் சோதியுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் எதைச் சோதிப்பது?

நன்றாக வேலை செய்வதாக உறுதியான ஒரு மோடத்தைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். வெளிக் கேபிள்கள் வந்து சேரும் சட்டமான எம்.டி.எஃப்.பில் லைனைக் கழற்றி, போர்ட்டில் நேராக அந்த மோடத்தை இணையுங்கள். முழு வேகம் வராவிட்டால் போர்ட் அல்லது ஜம்பர். மின்னல் அடிபட்ட போர்ட் முற்றிலும் சாகாமல், சிங்க் ஆகியும் மோசமாக ஓடுவது உண்டு. அதனால் விளக்கு எரிவதை மட்டும் நம்ப வேண்டாம்.

பல லைன்கள் ஒரே சமயத்தில் போனால் இரண்டு பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: போர்ட் எண்கள், கேபிள் ஜோடி எண்கள். போர்ட்டுகள் அடுத்தடுத்து இருந்தால் கார்டு. ஜோடிகள் அடுத்தடுத்து இருந்தால் கேபிள். இந்த ஒப்பீட்டுக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

டிஸ்லாமிலிருந்தே எடுக்கும் சோதனைகள் மூன்று. மெல்ட், மின்தடை, கெப்பாசிட்டன்ஸ், அந்நிய வோல்ட் ஆகியவற்றை அளவிடுகிறது. செல்ட், மறுமுனையில் மோடம் இல்லாமலே எதிரொலியை வைத்து நீளத்தைச் சொல்கிறது. டெல்ட்டுக்கு இரு முனையிலும் கருவி வேண்டும், ஓடும் நேரத்தில் சேவையும் நிற்கும். ஆனால் டோன் வாரியாக முழு விவரம் தருவது அதுவே. ஆளை அனுப்புமுன் மெல்ட்டையாவது ஓட்டிவிடுங்கள்.

அறுபடும் லைனில் ப்ரொஃபைலை மாற்றினால் போதாதா?

சில நேரம் அதுவே சரியான மருந்து. துடிப்பு இரைச்சல் உள்ள இடத்தில் இன்டர்லீவிங் (தரவின் வரிசையைக் கலைத்து அனுப்புதல்) போட்டால் பிழை பரவித் திருத்தப்படும். விலையாகச் சில மில்லிநொடி தாமதம். இரைச்சல் பாதுகாப்பை ஐ.என்.பி. 2 என்று வைத்தால் 2 சிம்பல், அதாவது 500 மைக்ரோநொடி நீளத் துடிப்பு வரை தாங்கும். இரு முனையும் ஜி.998.4 தரநிலையின் மறு அனுப்பலை (கெட்ட தரவை மீண்டும் அனுப்புதல்) ஆதரித்தால் அது இன்னும் மேல்.

ஆனால் கெட்ட ஜாயின்ட்டை மறைக்க மார்ஜினை 6-லிருந்து 12-க்கு ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேகம் குறையும், ஜாயின்ட் தொடர்ந்து கெடும், அடுத்த பருவத்தில் 12-ம் போதாது.

வெக்டரிங் உள்ள கேபிளில் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. ஜி.993.5 வெக்டரிங், பக்கத்து ஜோடிகளிலிருந்து தூரமுனையில் கசியும் குறுக்கு இரைச்சலைக் கணக்கிட்டு முன்கூட்டியே ரத்து செய்கிறது. அதற்கு எல்லா மோடங்களும் பிழை விவரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆதரிக்காத பழைய மோடம் ஒன்று அதே கேபிளில் முழு வேகத்தில் இணைந்தால் மற்றவர்கள் வேகம் விழும். எனவே ஒரு வீட்டுப் புகாருக்கு அந்த வீட்டை மட்டும் பார்ப்பது இங்கே போதாது. அதே குழுவில் அண்மையில் யார் இணைந்தார்கள் என்று பாருங்கள்.

புகார் கொடுக்கும்போது என்ன விவரம் தர வேண்டும்?

அறுபட்ட நேரங்கள், அப்போது போன் வேலை செய்ததா, மழை இருந்ததா. மோடத்தின் எண்கள், நன்றாக ஓடிய நாளிலும் கெட்ட நாளிலும் எடுத்தவை. முதல் பெட்டியில் சோதித்த முடிவு. வேலை முடித்த தொழில்நுட்பரும் கிளம்பும் முன் லூப் மின்தடை, அட்டென்யூவேஷன், மார்ஜின், சிங்க் வேகம் ஆகியவற்றைத் தேதியோடு எழுதி, ஒரு பிரதியை இணைப்புப் பெட்டிக்குள்ளேயே வைக்கட்டும்.